வளைவுகளை அறுக்க எந்தக் கைரம்பம்?

மரவேலை பழகத் தொடங்குபவர் முதலில் வாங்கும் ரம்பம் பெரும்பாலும் நேர்கோட்டில் அறுப்பதற்கானது. பலகையை அளவுக்கு வெட்டவும், பொருத்துகளுக்குத் தோள் (மற்ற மரத்தில் முட்டி நிற்கும் படிவெட்டு) எடுக்கவும் அது போதும். ஆனால் நாற்காலியின் வளைந்த முதுகுச் சட்டமோ, அலமாரியின் அடிப்பலகையில் வரும் வில்வடிவ வெட்டோ, ஒரு மரப் பொம்மையின் வெளிவடிவமோ எதிர்ப்படும்போது, அதே ரம்பம் வரைந்த கோட்டைப் பின்பற்ற மறுத்து நேராகவே போகப் பார்க்கிறது. வலிந்து திருப்பினால் மரத்துக்குள் இறுகி நின்றுவிடுகிறது. வளைவு அறுப்பதற்கென்று உள்ள ரம்பங்களைத் தேடினாலோ கோப்பிங் ரம்பம், ஃபிரெட் ரம்பம், வில் ரம்பம், காம்பஸ் ரம்பம், கீஹோல் ரம்பம் என்று பல பெயர்கள் வந்து குழப்புகின்றன.

இவற்றைத் தனித்தனிக் கருவிகளாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வளைவில் திரும்ப வேண்டுமானால் ரம்பத்தின் அலகு, அதாவது பற்கள் உள்ள எஃகுத் தகடு, குறுகலாக இருக்க வேண்டும். குறுகலான அலகு எளிதில் வளைந்து மடங்கிவிடும். அதை மடங்காமல் தாங்கிப் பிடிப்பது எப்படி என்ற ஒரே சிக்கலுக்குக் கிடைத்த வெவ்வேறு தீர்வுகளே இந்த ரம்பங்கள் எல்லாம். இதைப் புரிந்துகொண்டவர், எந்த ரம்பத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைப் பெயர் தெரியாமலேயே ஓரளவு சொல்லிவிடலாம்.

அலகு ஏன் திரும்ப மறுக்கிறது

ரம்பத்தின் பற்கள் மரத்தில் உண்டாக்கும் பிளவை வெட்டுத் தடம் என்று வைத்துக்கொள்வோம். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்றே விரித்து வைக்கப்பட்டிருப்பதால், இந்தத் தடம் அலகின் தடிமனைவிடச் சிறிது அகலமாக அமைகிறது. தச்சர்கள் இந்த விரிப்பைச் ‘செட்’ என்று சொல்வார்கள். அலகு தடத்துக்குள் உரசாமல் போய்வர இடம் தருவது இதுதான். வளைவில் அலகு திரும்புவதற்குக் கிடைக்கும் இடமும் இதுவே.

அலகின் முன்விளிம்பில் பற்கள் இருக்கின்றன. பின்விளிம்பு, பற்கள் போன வழியே பின்தொடர்ந்து வருகிறது. தடம் நேராக இருக்கும்வரை சிக்கல் இல்லை. தடம் வளையத் தொடங்கியதும், வளையாத தட்டையான அலகு அந்த வளைந்த இடைவெளிக்குள் கிடக்க வேண்டியிருப்பதால், அதன் முன்னும் பின்னும் வெளிச்சுவரையும் நடுப்பகுதி உள்சுவரையும் நெருங்குகின்றன. மூன்று இடங்களும் சுவரைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் அலகு திரும்ப முடியாது. ஆகவே ஒரு ரம்பத்தால் அறுக்கக்கூடிய மிகச் சிறிய வளைவின் ஆரம், அலகின் அகலத்தையும், தடத்துக்கும் அலகுத் தடிமனுக்கும் உள்ள வேறுபாட்டையும் பொறுத்தது. எளிய வடிவியலைக் கொண்டு இதைக் கணக்கிடலாம்: அலகின் அகலத்தை அதே எண்ணால் பெருக்கி, தடம் கூடுதலாக அகன்றிருக்கும் அளவின் எட்டு மடங்கால் வகுத்தால், ஏறத்தாழ அந்த ஆரம் கிடைக்கும்.

தடம் அலகைவிட 0.4 மி.மீ. அகலமாக இருப்பதாக வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 மி.மீ. அகலமுள்ள சாதாரணக் கைரம்பத்துக்கு மிகச் சிறிய ஆரம் சுமார் 3 மீட்டர் என்று வருகிறது. வீட்டுச் சாமான்களில் வரும் வளைவுகளில் பெரும்பாலானவை இதைவிட எவ்வளவோ இறுக்கமானவை. 10 மி.மீ. அகலமுள்ள அலகு சுமார் 31 மி.மீ. ஆரத்திலும், 6 மி.மீ. அலகு சுமார் 11 மி.மீ. ஆரத்திலும், 3 மி.மீ. அலகு 3 மி.மீ.க்கும் குறைவான ஆரத்திலும் திரும்பும். இவை பிசகில்லாத நிலைமைக்கான கணக்குகள். கை நடுங்கும், மரம் சூடேறி உரசும், செட்டும் தேயும் என்பதால், நடைமுறையில் இவற்றைப்போல் இரண்டு மடங்கு ஆரத்தை நம்பிக்கையுடன் எதிர்பார்க்கலாம் என்பது என் கணிப்பு.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது எண்களைவிட அவை மாறும் விதம். அகலத்தைப் பாதியாக்கினால் ஆரம் பாதியாகவில்லை, கால் பங்காகிவிடுகிறது. அதனால்தான் 10 மி.மீ. அலகுக்கும் 3 மி.மீ. அலகுக்கும் இடையே, கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் வேறுபாடு, வேலையில் மிகப் பெரிய வேறுபாடாகிறது. செட்டைக் கூட்டினாலும் ரம்பம் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தால் தடம் அகன்று, வெட்டு கரடுமுரடாகி, நேர்ப்பகுதிகளில் அலகு அலைபாயும். இறுக்கமான வளைவுக்கு அலகைக் குறுக்குவதே சரியான வழி.

சட்டகம் எதற்காக

அகலமான அலகு தன் அகலத்தாலேயே விறைப்பாக நிற்கிறது. அந்த அகலத்தை எடுத்துவிட்டால், முன்னால் தள்ளியவுடன் அலகு நெளிந்துவிடும். ஒரு நூலைத் தள்ள முடியாது, ஆனால் இருபுறமும் இழுத்துக் கட்டினால் அது கம்பிபோல் நேராக நிற்கும். குறுகிய அலகும் அப்படித்தான். கோப்பிங் ரம்பம், ஃபிரெட் ரம்பம், வில் ரம்பம் ஆகிய மூன்றிலும் ஒரு சட்டகம் அலகின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் இழுத்துப் பிடித்திருக்கிறது. இந்த இழுவிசை போதுமானதாக இருந்தால், ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள அலகுகூட மரத்தில் நேர்த்தியாக வேலை செய்யும்.

இதற்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. சட்டகத்தின் முதுகுக்கும் அலகுக்கும் இடையே உள்ள ஆழம்வரைதான் ரம்பம் பலகைக்குள் நுழைய முடியும்; அதற்குமேல் போனால் சட்டகம் பலகையின் விளிம்பில் இடிக்கும். காம்பஸ் ரம்பமும் கீஹோல் ரம்பமும் சட்டகத்தையே விட்டுவிட்டு, அலகைத் தடிமனாக்கி விறைப்பைப் பெறுகின்றன. அவற்றுக்கு ஆழத்தில் வரம்பில்லை, ஆனால் வெட்டு அவ்வளவு நேர்த்தியாக இராது.

ஆகவே ரம்பத்தைத் தேர்ந்தெடுக்கும்முன் செய்யப்போகும் வேலையிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வளைவுகளில் மிக இறுக்கமானதன் ஆரம் என்ன? மரம் எவ்வளவு தடிமன்? வெட்டும் இடம் பலகையின் விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவு? முதல் கேள்வி அலகின் அகலத்தையும், இரண்டாவது அலகின் நீளத்தையும் பற்களின் அளவையும், மூன்றாவது சட்டகத்தையும் முடிவுசெய்கின்றன. ரம்பத்தின் தோற்றமும் பிடியின் பளபளப்பும் இதற்கெல்லாம் பிறகுதான்.

கோப்பிங் ரம்பம்

தொடங்குபவர் ஒரே ஒரு வளைவு ரம்பம்தான் வாங்க முடியும் என்றால், தயக்கமின்றி நான் சொல்வது கோப்பிங் ரம்பத்தைத்தான். ஒரு பக்கம் திறந்த எஃகுச் சட்டகம், அதன் திறந்த வாயில் சுமார் 165 மி.மீ. நீளமும் ஏறத்தாழ 3 மி.மீ. அகலமும் உள்ள அலகு, ஒரு முனையில் மரப்பிடி என்பது இதன் அமைப்பு. அலகின் இரு முனைகளிலும் குறுக்காகச் சிறு ஊசிகள் இருக்கும்; அவை சட்டகத்தின் பிளவுகளில் மாட்டிக்கொள்ளும். பிடியைத் திருகினால் அலகு இறுகும், எதிர்த்திசையில் திருகினால் தளரும். சட்டகத்தின் ஆழம் பொதுவாக 120 முதல் 170 மி.மீ. வரை.

20 மி.மீ. அல்லது 25 மி.மீ. வரையிலான பலகைகளில், நாம் வரையக்கூடிய வளைவுகளில் பெரும்பாலானவற்றை இது சமாளித்துவிடும். புறாவால் வடிவப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் மூலைப் பொருத்துகளில் அந்தப் பற்களுக்கிடையே உள்ள கழிவை நீக்கவும், சுவர் மூலையில் சந்திக்கும் இரண்டு அலங்காரச் சட்டங்களில் ஒன்றை மற்றதன் வடிவத்துக்கு ஏற்ப அறுக்கவும் நேர்ரம்பம் வைத்திருக்கும் தச்சர்கூட இதைத்தான் எடுக்கிறார்.

இதன் தனிச்சிறப்பு, சட்டகத்தைச் சார்ந்து அலகின் திசையை மாற்ற முடிவது. வெட்டு முன்னேறும்போது சட்டகம் பலகையில் இடிக்கப்போகிறது என்று தெரிந்தால், பிடியைச் சற்றுத் தளர்த்தி, அலகை வேண்டிய கோணத்துக்குத் திருப்பி, மீண்டும் இறுக்கி, சட்டகத்தைப் பலகைக்கு வெளியே ஒதுக்கியபடி தொடரலாம். இங்கேதான் தொடங்குபவர்கள் பலர் தம்மையறியாமல் தடுக்கி விழுகிறார்கள். பிடியின் பக்கத்து முனையைத் திருப்பிவிட்டு எதிர்முனையை அப்படியே விட்டால், அலகு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய அலகு மேல்பக்கத்தில் கோட்டைப் பின்பற்றினாலும் அடிப்பக்கத்தில் வேறெங்கோ போய்விடும். சட்டகத்தின் இரு முனைகளிலும் சிறு நெம்புகோல் போன்ற நீட்சிகள் இருக்கும். அவை இரண்டும் ஒரே திசையில், ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் கண்ணால் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் இதையொட்டியவைதான். பிடியை நன்றாக இறுக்கியபின் அலகை விரலால் மீட்டினால், மந்தமான தொனி இல்லாமல் தெளிவான ஒலி வர வேண்டும். சட்டகத்தின் கம்பி மெல்லியதாக இருந்தால் எவ்வளவு திருகினாலும் சட்டகம்தான் வளையுமே தவிர, அலகு இறுகாது. இறுக்கிய பிறகு, அறுக்கும்போது முனைகள் தானாகத் திரும்புகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். திரும்பினால் அந்த ரம்பத்தோடு ஓயாமல் போராட நேரும். கூடவே வரும் அலகு பல வேளைகளில் தரமற்றதாகவே இருக்கிறது. நடுத்தரமான ஒரு சட்டகமும் நல்ல அலகுகளும் வாங்குவது, விலையுயர்ந்த சட்டகத்தில் மோசமான அலகை மாட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

பற்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் அனுபவமுள்ளவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பற்கள் பிடியை நோக்கி இருந்தால் இழுக்கும்போது வெட்டும். அப்போது அலகின் இழுவிசை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்பதால், அலகு நேராக நிற்கும், எளிதில் உடையாது. பற்கள் எதிர்ப்பக்கம் இருந்தால் தள்ளும்போது வெட்டும். சட்டகம் சற்றே நெகிழ்ந்து அலகு தளர வாய்ப்புண்டு. ஆனால் வைஸில் (மேசையில் பொருத்திய பிடிகருவியில்) நிறுத்திய பலகையில், நம்மைப் பார்த்திருக்கும் முகத்தில் கோடு இருந்தால், தள்ளும் வெட்டில் சிம்புகள் பின்முகத்தில் பெயரும்; இழுக்கும் வெட்டில் கோடு வரைந்த முகத்திலேயே பெயர்ந்து கோட்டை மறைக்கும். தொடங்குபவர் முதலில் இழுத்து வெட்டுமாறு அலகை மாட்டிப் பழகி, கை நிதானப்பட்ட பிறகு மற்றதையும் முயன்று பார்ப்பது நல்லது.

நுண்மையான வேலைக்கு ஃபிரெட் ரம்பம்

கோப்பிங் ரம்பத்தின் நெருங்கிய உறவு இது. அலகு சுமார் 130 மி.மீ. நீளம், அகலம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியும், சில அலகுகளில் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். முனைகளில் ஊசிகள் இல்லாததால் சிறு கைத்திருகுகளால் கவ்விப் பிடிக்கப்படுகிறது. ஊசியில்லாத அலகுக்கு இன்னொரு நன்மை, மிகச் சிறிய துளை வழியாகக்கூட அதை நுழைத்துவிடலாம் என்பது. சட்டகம் மிக ஆழமானது, 300 மி.மீ.க்கும் மேற்பட்ட ஆழமுள்ளவை சாதாரணம். அதனால் அலகைத் திருப்பும் வசதி இதில் பெரும்பாலும் இராது. அதற்குப் பதில் பலகையைத் திருப்ப வேண்டும்.

இதைப் பயன்படுத்தும் முறையும் வேறு. பணிமேசையின் விளிம்பில், ஒரு முனையில் பறவை வாயைத் திறந்ததுபோல் முக்கோணமாக வெட்டிய சிறு பலகையைக் கிளாம்பால் பொருத்தி, வேலைத்துண்டை அதன்மேல் கிடத்தி, ரம்பத்தைச் செங்குத்தாகப் பிடித்து மேலும் கீழுமாக அறுக்க வேண்டும். பற்கள் கீழ்நோக்கி, அதாவது பிடியை நோக்கி இருக்க வேண்டும். வலக்கை ஒரே இடத்தில் நின்று மேலும் கீழும் போய்வர, இடக்கை பலகையை மெல்லத் திருப்பிக்கொண்டே போகிறது.

வெனீர் எனப்படும் மிக மெல்லிய மரத் தகடுகள், 3 மி.மீ. முதல் 10 மி.மீ. வரையிலான மெல்லிய பலகைகள், பிளைவுட், சிறு பொம்மைகள், எழுத்து வடிவங்கள் ஆகியவற்றுக்கு இதற்கு நிகரான கைரம்பம் இல்லை. பிரான்சில் ஆந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732) என்ற தச்சுக் கலைஞர் புகழ்பெறச் செய்த பதிப்பு வேலைப்பாடு இவ்வகை மெல்லிய அலகை நம்பியே நின்றது: ஆமை ஓட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே வெட்டில் இரண்டையும் அறுத்து, ஒன்றிலிருந்து பெயர்த்த வடிவத்தை மற்றொன்றின் இடைவெளியில் பதிப்பார்கள். இரண்டு தகடுகளும் ஒரே தடத்தில் வெட்டப்பட்டதால், பொருத்துமிடத்தில் எஞ்சும் இடைவெளி அலகின் தடிமன் அளவே. அலகு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நேர்த்தி.

தடித்த மரத்தில் ஃபிரெட் ரம்பத்தைப் பயன்படுத்த முயல்வது வீண். அலகு அடிக்கடி உடையும். இந்த அலகுகள் டஜன் கணக்கில் விற்கப்படுவதற்குக் காரணமே அதுதான். உடைவதைக் கண்டு சோர்ந்துபோக வேண்டாம். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒன்று உடைகிறதென்றால், அலகு தளர்வாக மாட்டப்பட்டிருக்கிறது அல்லது மரத்துக்கு அது பொருந்தவில்லை என்று பொருள்.

தடித்த மரத்துக்கு வில் ரம்பம்

30 மி.மீ.க்கு மேல் தடித்த மரத்தில் கோப்பிங் ரம்பம் திணறும். பற்களுக்கிடையே உள்ள பள்ளங்கள் மரத்தூளைச் சுமந்து வெளியே கொட்ட வேண்டும். ஒரு பல் மரத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால்தான் அதன் பள்ளம் காலியாகும். 165 மி.மீ. நீள அலகில், மரத்தின் தடிமனைக் கழித்தபின் எஞ்சும் இயக்கம் குறைவு, பற்களும் நுண்ணியவை. எனவே பள்ளங்கள் அடைத்துக்கொண்டு, அலகு வெட்டாமல் வெறுமனே உரசுகிறது. உரசும்போது கை தானாக அழுத்தத்தைக் கூட்டும். கூடிய அழுத்தத்தில் அலகு பின்னோக்கி வளைந்து, தடமும் செங்குத்தை விட்டு விலகிவிடும்.

நாற்காலிக் கால், வளைந்த கைத்தாங்கி போன்றவற்றுக்கு மரச்சட்டகம் கொண்ட வில் ரம்பமே ஏற்றது. இரண்டு நிமிர்ந்த கைகள், அவற்றின் நடுவே ஒரு குறுக்குச் சட்டம், ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் முறுக்கிய கயிறு. கயிற்றினிடையே செருகிய சிறு குச்சியைச் சுழற்றினால் கயிறு முறுக்கேறி, கைகளின் மேல்முனைகளை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும், கீழ்முனைகள் விலகி அலகை இறுக்கும். அலகு 200 முதல் 300 மி.மீ. நீளமும், 6 முதல் 10 மி.மீ. அகலமும் இருக்கும். இரு முனைகளிலும் உள்ள பிடிகளைத் திருப்பி அலகின் கோணத்தை மாற்றலாம். இரண்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும் என்ற எச்சரிக்கை இங்கும் உண்டு. இரு கைகளாலும் பிடித்து, நீண்ட வீச்சில் அறுக்க முடிவதால் வேலை வேகமாகவும் களைப்பின்றியும் நடக்கும். முதல் ரம்பமாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தடித்த மரத்தில் வளைவு வெட்டும் தேவை உண்மையாகவே வந்தபின் வாங்கலாம். கருவி செய்வதில் ஆர்வமுள்ளவர் அலகை மட்டும் வாங்கி, சட்டகத்தைத் தாமே செய்துகொள்ளலாம். அது நல்ல பயிற்சியும்கூட.

விளிம்பிலிருந்து தொலைவில்

பெரிய பலகையின் நடுவே ஒரு திறப்பு வெட்ட வேண்டும், எந்தச் சட்டகமும் அங்கே எட்டாது என்றால், காம்பஸ் ரம்பம் தேவைப்படுகிறது. அடியில் அகன்று நுனியில் குறுகும், சுமார் 300 மி.மீ. நீளமுள்ள, தடித்த அலகு இதற்கு. கீஹோல் ரம்பம் இதன் சிறிய, இன்னும் குறுகலான வடிவம். முதலில் ஒரு துளை போட்டு, நுனியை அதில் நுழைத்து, சிறு வீச்சுகளில் தொடங்க வேண்டும். அலகு நுனியில் குறுகலாக இருப்பதால், இறுக்கமான வளைவில் நுனியை மட்டும் பயன்படுத்தியும், மிதமான வளைவில் முழு நீளத்தைப் பயன்படுத்தியும் அறுக்கலாம். பற்கள் பெரியவை, வெட்டு கரடாக இருக்கும், தள்ளும்போது பலமாக அழுத்தினால் அலகு மடங்கிவிடும்.

ஜப்பானியத் தச்சர்கள் இதே வேலைக்கு மவாஷிபிகி என்ற ரம்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது இழுக்கும்போது வெட்டுவது. ஆகவே மடங்கும் அச்சம் குறைவு. அதன் பற்களுக்குச் செட் கிடையாது. பல் விளிம்பில் தடித்தும் முதுகில் மெலிந்தும் அலகு தேய்க்கப்பட்டிருப்பதால், திரும்புவதற்கான இடம் அந்த வடிவத்திலிருந்தே கிடைக்கிறது. வாங்கக் கிடைத்தால் காம்பஸ் ரம்பத்தைவிட இதை விரும்பலாம். பார்ப்பதற்கு இவற்றைப் போலவே இருக்கும், ஜிப்சம் பலகைகளைக் குத்தி அறுப்பதற்கான ரம்பங்களையும் கடைகளில் காணலாம். மரத்தில் அவை சிம்பு பெயர்ப்பதைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

திறப்பு விளிம்புக்கு அருகில்தான் என்றால் காம்பஸ் ரம்பம் வேண்டாம். துளை போட்டு, கோப்பிங் ரம்பத்தின் அலகைக் கழற்றி, துளை வழியே நுழைத்து, மறுபடி மாட்டி அறுத்தால் வெட்டு மிகத் தூய்மையாக வரும்.

எத்தனை பற்கள்

அலகுகளின் பற்களை அங்குலத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பற்களாவது மரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய, நம்பத்தக்க விதி. 5 மி.மீ. பலகையில் அங்குலத்துக்கு 15 பற்கள் கொண்ட அலகின் மூன்று பற்கள்தான் ஒரே நேரத்தில் இருக்கும். அதைவிட மெல்லிய பலகைக்கு இன்னும் நுண்ணிய பற்கள் தேவை, இல்லையேல் ஒரு பல் விளிம்பில் கொக்கிபோல் மாட்டி மரத்தைப் பிய்த்துவிடும். அதற்காக எல்லாவற்றுக்கும் நுண்ணிய பற்களையே நாடக் கூடாது; 20 மி.மீ. பலகையில் அவை தூள் அடைத்து நின்றுவிடும். கோப்பிங் ரம்பத்துக்கு 15 பற்கள் கொண்ட அலகும், தடித்த மென்மரத்துக்கு 10 பற்கள் கொண்டதும் வைத்திருந்தால் தொடக்க வேலைகளுக்குப் போதும். வளைவு நெடுக அலகு மரத்தின் நாருக்குக் குறுக்காகவும் இணையாகவும் மாறி மாறிச் செல்வதால், நேர்ரம்பத்தில் பார்ப்பதுபோல் குறுக்குவெட்டுப் பல், நெடுக்குவெட்டுப் பல் என்று இங்கே அலசத் தேவையில்லை.

ரம்பமே தேவையில்லாத வளைவுகள்

தேர்வு என்பதில் வாங்காமல் இருப்பதும் சேரும். ஒரு மீட்டர் நீளச் சட்டத்தில் நடுவே சில சென்டிமீட்டர் மட்டும் உள்வாங்கும் மெதுவான வளைவுக்கு, ஏற்கெனவே கையில் உள்ள நேர்ரம்பமே போதும்: விளிம்பிலிருந்து வளைவுக்கோடுவரை, கோட்டைத் தொடாமல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் நேரான வெட்டுகள் போட்டு, இடையிலுள்ள கட்டைகளை உளியால் பெயர்த்துவிட்டு, மர அரத்தாலோ ஸ்போக்ஷேவாலோ (வளைவுகளைச் சீவும், இரு பிடிகள் கொண்ட சிறு இழைப்புக் கருவி) வழவழப்பாக்கலாம். பலகையின் வெளிமூலையை உருட்ட வேண்டுமானால், மூலையை நேர்வெட்டுகளால் இரண்டு மூன்று முறை சீவிவிட்டு, மீதியை அரத்தால் முடிப்பது வளைவு ரம்பத்தைவிட விரைவானது. உள்மூலையில் 10 மி.மீ. ஆரம் வேண்டுமென்றால் அங்கே 20 மி.மீ. பிட்டால் துளை போட்டுவிட்டால், மிகக் கடினமான பகுதி வட்டப் பிசகின்றி முடிந்துவிடும். ரம்பம் அந்தத் துளைகளை இணைத்தால் போதும்.

கையில் எடுத்தபின்

எந்த ரம்பமாக இருந்தாலும், அலகு பலகையின் முகத்துக்குச் செங்குத்தாகப் போய்வர வேண்டும். வெட்டின் பக்கச்சுவர் நிமிர்ந்திருப்பது ஒரு காரணம். சாய்த்து அறுத்தால் மரத்துக்குள் கிடக்கும் அலகின் குறுக்களவு கூடிவிடுகிறது என்பது இன்னொன்று: 45 பாகை சாய்வில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும், அதனால் திரும்பக்கூடிய ஆரம் இரண்டு மடங்காகிறது. கூரிய திருப்பத்தில் முன்னேறாமல், அதே இடத்தில் அழுத்தமின்றிச் சில வீச்சுகள் போட்டபடி ரம்பத்தைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ரம்பம் நின்றிருக்கும்போது ஒருபோதும் திருகக் கூடாது. அலகு முறுக்கேறுவது அப்போதுதான்.

கோட்டின் மேலேயே அறுக்க முயலாமல், கழிவுப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுப்பது நல்லது. அந்த மில்லிமீட்டரை அரத்தாலும் உப்புத்தாளாலும் எடுக்கும்போதுதான் வளைவுக்கு அதன் இறுதி ஒழுங்கு கிடைக்கிறது. அறுக்கும்போது அவ்வப்போது நிறுத்தி, பலகையின் பின்முகத்தையும் பார்க்க வேண்டும். முன்கோடு சரியாக இருந்து பின்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால், அதை எந்த அரத்தாலும் சரிசெய்ய முடியாது. முதல் வேலையைத் தொடங்கும்முன், அதே தடிமனுள்ள கழிவுத் துண்டில் ஒரு முழுவட்டமும் இரண்டு எதிரெதிர் வளைவுகளும் வரைந்து அறுத்துப் பார்த்தால், வாங்கிய அலகு எவ்வளவு இறுக்கமாகத் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் அலகைத் தளர்த்திவைக்க வேண்டும், குறிப்பாக வில் ரம்பத்தின் கயிற்றை. ஓயாத இழுவிசையில் மரச்சட்டகம் கோணும், கயிறும் நைந்துபோகும். கோப்பிங் மற்றும் ஃபிரெட் ரம்பங்களின் அலகுகளைத் தீட்டிப் பயன்படுத்துவது வழக்கமில்லை; பற்கள் அத்தனை சிறியவை. முன்பு தானாகத் தின்றுகொண்டு போன மரத்தில் இப்போது கையை அழுத்த வேண்டியிருக்கிறது, அல்லது நேராகப் போக வேண்டிய இடத்தில் வெட்டு ஒரு பக்கமாகவே இழுக்கிறது என்றால் அலகு மழுங்கிவிட்டது; பாதி வெட்டில் இருந்தாலும் அங்கேயே நிறுத்திப் புதிய அலகை மாட்டிக்கொள்ள வேண்டும்.